வடசென்னையில் காலாற நடக்க: பூங்காக்கள், பழைய தெருக்கள், நிழலான காலனிகள்

கல்மண்டபம் · சனி, காலை 6:50

சென்னையில் நடந்து சுற்றிப் பார்க்க நல்ல பகுதிகள் எவை என்று யார் பட்டியல் போட்டாலும் மயிலாப்பூர் மாடவீதி, அடையாறு, பெசன்ட் நகர், நுங்கம்பாக்கம் என்று போய், வடக்கே சென்ட்ரல் ஸ்டேஷனோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் கன்டெய்னர் லாரியும் மீன்பிடித் துறைமுகமும்தான் என்ற எண்ணம் பலருக்கும் ஊறிப்போயிருக்கிறது. கோட்டைக்கு வெளியே ஜனங்கள் முதலில் நெருங்கிக் குடியேறியது இந்தப் பக்கம்தான். இங்கே பூங்காக்கள் உண்டு, நின்று ரசிக்கிற தெருக்கள் உண்டு, மரம் அடர்ந்த காலனிகளும் உண்டு. எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை.

அதனால் அவரவர் நடந்த வழிகளை இங்கே எழுதுங்கள். எங்கே தொடங்கலாம், எங்கே நிழல், எங்கே உட்காரலாம், எந்த நேரம் நல்லது என்று சொன்னால் போதும்.

என் ஊர் ராயபுரம், நானே ஆரம்பிக்கிறேன். பீச் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தம் ராயபுரம். இறங்கியதும் ஆட்டோ தேடிப் போய்விடாமல் பழைய கட்டடத்தின் முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்து ஆற்காட்டுப் பக்கம் வாலாஜா ரோடு வரை போனது. பம்பாயிலும் ஹவுராவிலும் முதலில் கட்டிய நிலையங்கள் இன்று இல்லை. இந்தியாவில் நிற்கிற மிகப் பழைய ஸ்டேஷன் கட்டடம் இதுதான். அந்த உயரமான தூண்களைக் காலை வெயிலில் பார்க்க வேண்டும்.

அங்கிருந்து வடக்கே மேற்கு மாதா கோயில் தெரு. தமிழ்நாட்டில் பார்சிகளுக்கு இருக்கிற ஒரே அக்னி ஆலயம் இங்கேதான், 1910ல் கட்டியது. பார்சி அல்லாதவர்கள் உள்ளே போக முடியாது, வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகர வேண்டும். இந்தச் சுற்றுத் தெருக்களில் சுற்றுச்சுவரும் மரமும் உள்ள பழைய வீடுகள் இன்னும் சில மிச்சம். அப்புறம் இராயப்பர் ஆலயம். துறைமுகம் வருவதற்கு முன் கப்பல்கள் தள்ளிக் கடலில்தான் நிற்கும். மசூலா படகில் ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்த படகோட்டிகள் தங்கள் உழைப்பில் கட்டிய கோயில் இது.

அப்படியே மேற்கே திரும்பினால் அறிஞர் அண்ணா பூங்கா. பழைய ஆட்கள் ராபின்சன் பூங்கா என்பார்கள். 1949 செப்டம்பரில் பவளக்காரத் தெருவில் திமுக உருவானபோது அதன் முதல் பொதுக்கூட்டம் கொட்டும் மழையில் இங்கேதான் நடந்தது. எந்தக் கட்சி ஆதரவாளராக இருந்தாலும் தமிழக அரசியல் தெரிந்தவர் ஒருமுறை நின்று பார்க்க வேண்டிய இடம். காலை ஆறு மணிக்குப் போனால் நடைபயிற்சிக்காரர்கள், பேப்பர் படிக்கும் பெரியவர்கள், ஊஞ்சலுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் என்று நிறைந்திருக்கும்.

தென்றல் · சனி, காலை 8:15

நல்ல இழை. நான் அடையாறில் இருக்கிறேன், உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். நீங்கள் சொல்வதில் வரலாறு நிறைய இருக்கிறது. ஆனால் நடப்பதற்கு நடைபாதை இருக்கிறதா? வெயிலுக்கு மரம் இருக்கிறதா? அம்மாவையும் எட்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டு வந்தால் இரண்டு மணி நேரம் நிம்மதியாக நடக்க முடியுமா? தெற்கில் நடக்கிறவர்கள் வரலாற்றுக்காக நடப்பதில்லை, நிழலுக்காகத்தான் நடக்கிறார்கள்.

மகிழமரம் · சனி, காலை 9:02

தென்றல், நியாயமான கேள்வி. நான் திருவொற்றியூர். பெண் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நடக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலை, எண்ணூர் விரைவுச் சாலை இரண்டிலும் பொழுதுபோக்காக நடக்க வேண்டாம். கனரக வண்டிகள் போகிற வழி. உள்தெருக்கள் வேறு. எங்கள் பக்கம் காலடிப்பேட்டை மெட்ரோவில் இறங்கி நடக்கத் தொடங்குங்கள். 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் காலத்தில் நெசவாளர்களுக்காக அமைத்த ஊர் அது. கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலைச் சுற்றி இன்னும் கிராமத்துத் தெரு அமைப்பு இருக்கும். அங்கிருந்து உள்ளாகவே நடந்து தேரடிக்கு வந்தால் தியாகராஜர் கோயில், வடிவுடையம்மன் சன்னதி. கோயில் பிராகாரம் பெரியது, குழந்தைகள் ஓடலாம். தலமரம் மகிழம். சுந்தரர் சங்கிலியாருக்கு அந்த மரத்தடியில்தான் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தார். அம்மாவுக்குக் கட்டாயம் பிடிக்கும்.

நடு மதியம் நடை சாத்தியிருக்கும், அதற்கு முன் வந்துவிடுங்கள். பௌர்ணமி அன்று மட்டும் வேண்டாம். மேலூர் திருவுடையம்மன், எங்கள் வடிவுடையம்மன், திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் மூவரையும் ஒரே நாளில் தரிசிக்கிறவர்கள் கூட்டம் அன்று அலைமோதும்.

கோயிலிலிருந்து கிழக்கே போனால் பட்டினத்தார் சமாதி. கடலைப் பார்த்த இடம். அத்தனை செல்வத்தையும் உதறிவிட்டு வந்தவர் கடைசியில் தேர்ந்துகொண்ட கரை என்பதால் எனக்கு அங்கே உட்காருவது தனியாகப் பிடிக்கும். சாயங்காலம் கடல்காற்று நன்றாக வரும்.

லோகோ · சனி, காலை 10:30

நிழல் வேண்டும் என்று கேட்கிற தென்றல் அவர்களே, பெரம்பூருக்கு வாருங்கள்.

நான் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெரம்பூர் ஒர்க்‌ஷாப் 1856லிருந்து இருக்கிறது. அதைச் சுற்றி வளர்ந்த ரயில்வே காலனிகளில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே காற்று போக இடம் விட்டிருப்பார்கள். தெருவின் இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரம், வேம்பு, புங்கை. சில குவார்ட்டர்ஸ் இப்போது பாழடைந்து கிடக்கின்றன, அதைப் பார்க்க மனசு கேட்காது. இருந்தாலும் நடக்கிறவனுக்கு அந்தத் தெருக்கள் போல வராது. ஒருகாலத்தில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய இருந்தன. டிசம்பர் வந்தால் வீட்டுக்கு வீடு நட்சத்திரம் தொங்கும், ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் நடனம் இருக்கும். பலர் ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று போய்விட்டார்கள்.

ஐ.சி.எஃப் என்கிற ரயில் பெட்டித் தொழிற்சாலையின் காலனி இன்னொன்று. 1955 அக்டோபர் 2 அன்று நேரு தொடங்கிவைத்த தொழிற்சாலை, சுவிஸ் நாட்டுத் தொழில்நுட்பத்தோடு வந்தது. காலனியை அப்போதே திட்டமிட்டு அமைத்தார்கள். அகலமான சாலை, மைதானம், பள்ளிக்கூடம், மரம். இன்றைக்கு எல்லோரும் வந்தே பாரத் என்று பெருமையாகச் சொல்கிற ரயில் 2018ல் இங்கேதான் தயாரானது. நியூ ஆவடி சாலையில் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது, 2002ல் திறந்தது. பழைய இன்ஜின்களும் பெட்டிகளும் திறந்தவெளியில், மரங்களுக்கு நடுவே நிற்கின்றன. உங்கள் மகளை இறக்கி விட்டால் திரும்பக் கூட்டிவருவது கஷ்டம்.

2016 டிசம்பர் 12, வர்தா புயல் வந்த நாளில் எங்கள் பக்கம் மரங்கள் விழுந்ததைச் சொல்லி முடியாது. மறுநாள் காலையில் தெரு தெருவாக வானம் தெரிந்தது. தப்பித்த மரங்களுக்கு இப்போது வயசாகிவிட்டது. அதனால் தள்ளிப்போடாமல் வாருங்கள்.

பெரம்பூர் மேம்பாலத்தை ஒட்டி முரசொலி மாறன் பூங்காவும் இருக்கிறது. மாலையில் நல்ல கூட்டம்.

ஏழுகிணறு · சனி, பகல் 12:10

கல்மண்டபம் அண்ணா, ராயபுரத்தைப் பற்றி எழுதிவிட்டு மாடிப் பூங்காவை விட்டுவிட்டீர்களே! அதை நான் எழுதுகிறேன்.

1758 கடைசியில் லாலியின் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, இன்று ஜார்ஜ் டவுன் என்கிற பகுதிக்குள் சுலபமாகப் புகுந்துவிட்டது. சில வருஷம் கழித்து ஹைதர் அலியின் குதிரைப்படை பயம். அதன் பிறகுதான் கிழக்கிந்தியக் கம்பெனி வடக்கிலும் மேற்கிலும் பெரிய மதில் எழுப்பியது. கிழக்கே கடல், தெற்கே கோட்டை, அதனால் அந்தப் பக்கங்களில் தேவைப்படவில்லை. செலவை ஊர் ஜனங்களிடம் வரியாக வாங்கப் பார்த்தார்கள். வால்டாக்ஸ், அதாவது மதில் வரி என்ற பெயரில் இருக்கிற சாலை அந்தக் கதையின் மிச்சம். மதிலின் வாசல்களில் ஒன்றுதான் யானைகவுனி.

இப்போது மதிலில் ஒரு துண்டுதான் நிற்கிறது, இப்ராஹிம் சாகிப் தெருவில். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அந்த மதிலின் மேலேயே பூங்கா போட்டிருக்கிறார்கள். தெருவிலிருந்து படி ஏறிப் போனால் தலைக்கு மேலே இருந்த மதில் காலுக்குக் கீழே புல்தரையாக விரியும். இந்தியாவில் இப்படி ஒரு பூங்கா வேறெங்கும் நான் பார்த்ததில்லை. ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். மேற்கே பழைய ஜெயில் ரோடு வழியாகப் போனால் ஸ்டான்லி ஆஸ்பத்திரி. எங்கள் பாட்டி கடைசி வரை கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார். 1780களின் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த மருத்துவமனை அது.

பூங்கா பற்றிய இழை என்பதால் இழந்துபோன ஒன்றையும் சொல்ல வேண்டும். சென்ட்ரலுக்குப் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க் என்று 116 ஏக்கரில் ஒரு பூங்கா இருந்தது. கவர்னர் டிரெவெல்யன் 1859 வாக்கில் தொடங்கிய திட்டம். ஜார்ஜ் டவுனில் அடைந்து கிடந்த ஜனங்கள் காற்று வாங்க ஓர் இடம் வேண்டும் என்பதுதான் நோக்கம். குளங்கள், பாதைகள், மிருகக்காட்சி சாலை எல்லாம் இருந்தன. பிறகு விக்டோரியா ஹால், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, விளையாட்டரங்கம் என்று ஒவ்வொன்றாக அந்த நிலத்தில் எழும்பின. மூர் மார்க்கெட் 1985ல் எரிந்துபோனது, மிருகக்காட்சி சாலை அதே வருஷம் வண்டலூருக்குப் போனது. மிச்சம் இருப்பது மை லேடீஸ் பூங்கா என்கிற சிறு துண்டு. ரிப்பன் மாளிகையின் அழகை நான் குறைத்துச் சொல்லவில்லை, 1913ல் திறந்த அந்த வெள்ளைக் கட்டடத்தைப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் வடசென்னையில் பூங்கா குறைவு என்று சொல்கிறவர்கள், இருந்த பெரிய பூங்கா எங்கே போனது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

தென்றல் · சனி, பகல் 1:05

116 ஏக்கரா! இத்தனை வருஷம் சென்னையில் இருந்தும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. லோகோ ஐயா, ரயில் அருங்காட்சியகம் உறுதி, மகளிடம் சொல்லிவிட்டேன்.

முற்றம் · சனி, மாலை 4:20

கட்டடக்கலை படிக்கிறேன், வரைந்து பார்ப்பதற்காக ஜார்ஜ் டவுன் தெருக்களில் நிறைய சுற்றியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் போங்கள். மற்ற நாளில் மூட்டை, தள்ளுவண்டி, மீன்பாடி வண்டி நடுவே நிமிர்ந்து பார்க்கவே முடியாது. மொத்தக் கடைகள் மூடியிருக்கும்போதுதான் மாடிகள் கண்ணில் படும். இந்தப் பகுதியின் அழகு முழுக்க முதல் மாடியில் இருக்கிறது. மர வேலைப்பாடு உள்ள பால்கனிகள், வண்ணக் கண்ணாடி போட்ட வளைவுகள், சுதையில் செய்த கொடிகளும் கிளிகளும், கட்டிய வருஷம் பொறித்த முகப்புகள். கீழே திண்ணை இருந்த இடத்தில் ஷட்டர் வந்துவிட்டது.

தெருப்பக்கம் குறுகலாகவும் உள்ளே நீளமாகவும் போகிற மனைகள் இவை. நடுவே முற்றம் வைத்தால்தான் வெளிச்சமும் காற்றும் வரும். கூரை பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரங்களை அடுக்கி, அதன் மேல் சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக, குறுக்காக வைத்து, சுண்ணாம்புச் சாந்தில் இறுக்கி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்த கலவையால் மேல்தளம் போடுவது. ஏப்ரல் மாதத்தில் அந்த வீட்டுக்குள் நுழைந்தால் வித்தியாசம் உடனே தெரியும். இடித்துவிட்டால் திரும்பக் கட்டத் தெரிந்த கொத்தனார்கள் கிடைப்பது அரிது.

பவளக்காரத் தெருவிலிருந்து தொடங்கலாம். பவள வியாபாரம் செய்த யூதர்கள் ஒருகாலத்தில் வாழ்ந்த தெரு, பிறகு நகரத்தார் வந்தார்கள். தம்பு செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில், லிங்கி செட்டித் தெரு, அப்புறம் அரண்மனைக்காரன் தெருவில் ஆர்மீனியர் தேவாலயம். இப்போது நிற்கிற கட்டடம் 1772ல் எழுப்பியது. மணிக்கோபுரத்தில் ஆறு பெரிய மணிகள். ஆனால் நான் போகச் சொல்வது தோட்டத்துக்காக. கல்லறைக் கற்கள் பதித்த முற்றம், பெருங்கள்ளி மர நிழல், வெளியே பாரிமுனை ஹாரன் சத்தம் அப்படியே அடங்கிவிடும். உலகத்தில் ஆர்மீனிய மொழியில் வந்த முதல் பத்திரிகையை 1794ல் இந்தச் சென்னையிலிருந்து வெளியிட்ட ஷ்மாவோனியன் என்கிற பாதிரியார் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

ஏழுகிணறு · சனி, மாலை 4:41

முற்றம், அருமை. நீங்கள் சொல்லும் கள்ளி எது, வெள்ளைப் பூ பூக்குமே அந்தச் சம்பங்கி மாதிரி மரமா?

முற்றம் · சனி, மாலை 4:48

ஆமாம், ஈழத்தலரி என்றும் சொல்வார்கள். கோயில்களில் பார்த்திருப்பீர்கள், இலை உதிர்ந்த கிளை நுனியில் பூ நிற்கும்.

வியாசை · சனி, இரவு 7:30

எல்லாம் படித்தேன், மகிழ்ச்சி. ஆனால் ஒரு விஷயம் மனசில் உறுத்துகிறது. வடசென்னையை நடந்து பார்க்கிறவர்கள் எல்லோரும் ராயபுரம், ஜார்ஜ் டவுன், பெரம்பூர் ரயில்வே காலனி என்று சுற்றிவிட்டு பேசின் பிரிட்ஜ் தாண்டி எங்கள் பக்கம் வருவதே இல்லை. அழகான பகுதி என்றால் பழைய பங்களாவும் பணக்காரர் வீட்டு பால்கனியும்தானா?

வியாசர்பாடியில் சாயங்காலம் ஒரு மைதானத்தில் வந்து நில்லுங்கள். ஒரே மண்ணில் நாலு ஆட்டம் நடக்கும், எல்லாம் கால்பந்து. வெறுங்காலில் ஆடுகிற பையன்களும் பெண் பிள்ளைகளும். கேரம் என்றால் உலக சாம்பியன் இளவழகி எங்கள் வியாசர்பாடிப் பெண். 2024ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமாவும் வடசென்னைதான். தெருமுனையில் பலகை போட்டு, மேலே ஒரு பல்பு தொங்கவிட்டு ஆடும் ஆட்டத்திலிருந்து வந்தவர்கள். அந்தத் தெருவும் பார்க்க வேண்டிய தெருதான்.

பெரம்பூர், புளியந்தோப்புப் பக்கம் போகிறவர்கள் பி அண்ட் சி நெசவு மில் இருந்த இடத்தையும் பாருங்கள். 1918 ஏப்ரல் 27 அன்று அந்தத் தொழிலாளர்களுக்காகத்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. முறையாக அமைந்த சங்கங்களில் நாட்டிலேயே முதலாவது. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு என்று எத்தனை பேர் உழைத்திருக்கிறார்கள். மில் 1996ல் மூடியது. சங்கு சத்தம் வைத்துக் கடிகாரம் சரிசெய்த வீடுகள் எங்கள் பக்கம் நிறைய.

மூலகொத்தளத்தில் நடராசன், தாளமுத்து இருவரின் நினைவிடம் இருக்கிறது. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை சென்று 1939ல் உயிர்விட்டவர்கள். அதுவும் நடக்கிற தூரம்தான்.

தென்றல் · சனி, இரவு 8:05

வியாசை, நீங்கள் சொல்வது சரி. ஆனால் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. ஜனங்கள் வாழ்கிற தெருவில் வெளியிலிருந்து கேமராவோடு போய் வேடிக்கை பார்ப்பது அவர்களுக்கு எப்படி இருக்கும்? பூங்காவுக்குப் போவது வேறு, இது வேறு இல்லையா?

வியாசை · சனி, இரவு 8:22

கேமராவை முதலில் எடுத்தால்தான் அது வேடிக்கை. டீக்கடையில் நின்று ஒரு டீ குடியுங்கள், மேட்ச் பாருங்கள், கோல் விழுந்தால் கை தட்டுங்கள். எந்த ஊர் என்று அவர்களே கேட்பார்கள். மயிலாப்பூரில் மற்றவர்கள் வீட்டுக் கோலத்தை நின்று பார்ப்பதில்லையா? அந்த மரியாதை இங்கேயும் போதும்.

மகிழமரம் · சனி, இரவு 9:10

வியாசை தம்பி சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். கூடவே எல்லோருக்கும் பொதுவான ஒரு கஷ்டத்தையும் பேசிவிடலாம்.

பூங்கா இருப்பது மட்டும் போதாது, திறந்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பூங்கா ஒன்றில் காலையில் நடைபயிற்சி முடிந்ததும் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், மாலையில்தான் மறுபடி திறப்பார்கள். வெயிலில் நிழல் தேவைப்படுவது நடு மதியத்தில். பத்துக்குப் பத்து வீட்டில் கைக்குழந்தையோடு இருக்கிற பெண்ணுக்கு, கட்டில் போட இடமில்லாத வீட்டில் இருக்கிற பெரியவருக்கு, டெலிவரிக்கு வந்த பையனுக்கு அந்த நேரம்தான் மரத்தடி வேண்டும். கழிப்பறைக் கதவிலும் பூட்டு. கேட்டால் சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்பார்கள். பெண்கள் நீண்ட தூரம் நடக்காததற்கு இதுதான் முதல் காரணம், பாதுகாப்பு அதற்கு அப்புறம். நாங்கள் சில பேர் சேர்ந்து கையெழுத்து வாங்கி மனு கொடுத்திருக்கிறோம். உங்கள் பகுதியிலும் கொடுங்கள்.

தெற்கில் பெரிய வீடும் தோட்டமும் இருப்பவர்களுக்குப் பூங்கா ஒரு கூடுதல் வசதி. இங்கே பல குடும்பங்களுக்கு அதுதான் வாசல், திண்ணை, கூடம் எல்லாம். அதனால் ஓர் ஏக்கர் பூங்காவுக்கு இங்கே இருக்கிற மதிப்பு வேறு.

பால்பண்ணை · ஞாயிறு, காலை 6:15

மாதவரத்தை யாரும் சொல்லவில்லையே. தோட்டக்கலைத் துறையின் தாவரவியல் பூங்கா இங்கே இருக்கிறது. வடசென்னையில் இந்த அளவு பசுமை வேறு பூங்காவில் இல்லை என்பது என் கருத்து. நுழைவுக் கட்டணம் உண்டு. குடும்பத்தோடு அரை நாள் இருக்கலாம், செடி வாங்குகிறவர்கள் கையோடு வாங்கியும் வரலாம். பால்பண்ணைக் காலனிப் பக்கம் மரம் அடர்ந்த சாலைகள், விடிகாலையில் நடந்தால் நகரத்துக்குள் இருப்பதே தெரியாது. ஒரே குறை, மற்ற இடங்களிலிருந்து நடந்து வர முடியாது. பஸ்ஸில் வந்து இறங்கி, இங்கேயே நடந்துவிட்டுத் திரும்ப வேண்டும். வேப்பேரி, ரிதர்டன் சாலை, கால்நடை மருத்துவக் கல்லூரிப் பக்கமும் நல்ல மரங்கள் உண்டு, அது வடசென்னையா இல்லையா என்ற சண்டைக்கு நான் வரவில்லை.

ஏழுகிணறு · ஞாயிறு, காலை 7:40

நேற்று இரவெல்லாம் இந்த இழையை யோசித்துக்கொண்டிருந்தேன். மகிழமரம் அக்கா திருவொற்றியூரைப் பற்றி எழுதியிருக்கிறார், நான் ஏழுகிணறு. இரண்டையும் சேர்த்து நடந்தவர் ஒருவர் இருக்கிறார். வள்ளலார்!

சின்ன வயதில் அவர் வாழ்ந்த வீடு எங்கள் வீராசாமிப் பிள்ளைத் தெருவில். 1772ல் கோட்டைக்குக் குடிநீர் கொடுக்கத் தோண்டிய கிணறுகளுக்குப் பக்கத்துத் தெருதான். கந்தகோட்டத்தில் முருகனைப் பாடியவர், திருவொற்றியூருக்கு இங்கிருந்து நடந்தே போய்க் கும்பிட்டு வருவார். நேரங்கழித்துத் திரும்பிப் பசியோடு திண்ணையில் படுத்தவருக்கு வடிவுடையம்மனே அண்ணி உருவில் வந்து சோறு போட்டதாக எங்கள் தெருவில் இன்றும் சொல்வார்கள். 1858ல் சென்னையை விட்டுப் போகும்வரை அவர் கால் பட்ட வழி இது.

அந்த வழியை நாம் நடந்தால் என்ன? கந்தகோட்டத்தில் தரிசனம் முடித்து, வள்ளலார் வீடு, தங்கசாலையில் வடக்கே மின்ட் மணிக்கூண்டு, ஸ்டான்லி, எம்.சி. ரோடு, அண்ணா பூங்காவில் ஓய்வு, பிறகு தண்டையார்பேட்டை, டோல்கேட், காலடிப்பேட்டை, தேரடி.

கல்மண்டபம் · ஞாயிறு, காலை 8:05

ஏழுகிணறு, இதைவிட நல்ல வழி இருக்க முடியாது. நான் வருகிறேன். இதில் பெரிய வசதி ஒன்று இருக்கிறது. ஸ்டான்லி தாண்டியதும் நாம் போகிற திசையிலேயே மெட்ரோவும் போகிறது. வண்ணாரப்பேட்டை, தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை, புது வண்ணாரப்பேட்டை, டோல்கேட், காலடிப்பேட்டை, தேரடி. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை திறந்தது. கால் வலிக்கிறவர் எந்த ஸ்டேஷனிலும் ஏறிக்கொள்ளலாம், தேரடியில் மற்றவர்களுக்காகக் காத்திருக்கலாம்.

தியாகராயா கல்லூரி வரும்போது பிட்டி தியாகராயரைப் பற்றி நான் பேசுகிறேன். நெசவு வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவராகி, மாநகராட்சித் தலைவராக இருந்து, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டவர் இந்த வண்ணாரப்பேட்டைக்காரர். அவர் பெயரைத் தாங்கிய தி.நகருக்குப் போகிறவர்களில் அவர் வடசென்னை என்று தெரிந்தவர்கள் குறைவு.

மார்கழியில் வைத்துக்கொள்வோம். விடியற்காலை ஐந்தரைக்குக் கந்தகோட்டம் வாசல். நெடுஞ்சாலையை வெயிலும் லாரியும் ஏறுவதற்குள் கடந்துவிடலாம்.

லோகோ · ஞாயிறு, காலை 8:30

நானும் வருகிறேன், வியாசை தம்பியையும் கூட்டிவருகிறேன். அடுத்த மாதம் பெரம்பூர், வியாசர்பாடி முறை. காலையில் ஐ.சி.எஃப் காலனி, மாலையில் கால்பந்து.

வியாசை · ஞாயிறு, காலை 8:34

சரி ஐயா. மேட்ச் இருக்கிற நாளைக் கேட்டுச் சொல்கிறேன்.

தென்றல் · ஞாயிறு, காலை 9:15

நானும் மகளும் கந்தகோட்டத்திலிருந்தே நடக்கிறோம். அம்மாவுக்கு முட்டிவலி, அவ்வளவு தூரம் முடியாது. ஆனால் வள்ளலார் நடந்த வழி என்று சொன்னதிலிருந்து தானும் வருவதாக நிற்கிறார். என்ன செய்யலாம்?

மகிழமரம் · ஞாயிறு, காலை 9:28

அம்மாவை மெட்ரோவில் காலடிப்பேட்டைக்கு அனுப்புங்கள், ஸ்டேஷனில் நான் நிற்கிறேன். லிஃப்ட் இருக்கிறது, படி ஏற வேண்டாம். பெருமாள் கோயிலைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டு இருப்போம். நீங்கள் எல்லோரும் வந்து சேர்ந்ததும் அங்கிருந்து தேரடி வரை உள்தெரு வழியாக மெதுவாக நடக்கலாம், அந்தத் தூரம் அம்மாவால் முடியும். எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா என்று மட்டும் சொல்லுங்கள், காபி அதற்கேற்ற மாதிரி போடுகிறேன்.